ஒண்ணேகால் லட்சமும் ஒரு மைனஸ் குறியும்

மே மாசம் தில்லைநகர்ப் பக்கம் போயிருக்கீங்களா மக்களே? வெயிலைச் சொல்லலை, அது திருச்சிக்குப் புதுசா என்ன. ஃப்ளெக்ஸைச் சொல்றேன். ஒவ்வொரு கிராஸ் முனையிலயும் ஒண்ணு நிக்கும். அதுல முப்பது நாப்பது பிள்ளைங்க பாஸ்போர்ட் சைஸ்ல சிரிச்சிக்கிட்டிருக்கும், கீழ மார்க்கு, அதுக்கும் கீழ "எங்கள் சாதனை". ஊருக்குள்ள பாதி ஆஸ்பத்திரியும் பாதி கோச்சிங் சென்டரும் ஒரே ஏரியாவுல எப்படி வந்துச்சுன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணலாம். ஒண்ணுல பிபி ஏறும், பக்கத்துலயே செக் பண்ணிக்கலாம் :-)

இந்தப் பதிவு அந்த ஃப்ளெக்ஸ்ல சிரிக்கற பிள்ளைங்களைப் பத்தி இல்லை. பத்தாவதுல 287 வாங்கின பையன் வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கற பட்ஜெட் கூட்டத்தொடரைப் பத்தி.

பையன் என் சித்தப்பா மகன். பேரைப் போட்டா அடிக்க வருவான், அதனால ஹீரோன்னு வெச்சுக்குவோம். வீடு ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் வீதியை ஒட்டின ஒரு சந்து. சித்தப்பாவுக்கு துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில வேலை. பெல்லுக்கு ஜாப் பண்ற பட்டறை. ஆர்டர் இருந்தா ஓவர்டைம், இல்லன்னா "வாங்க, பாக்கலாம்" சம்பளம். 2025 மே 16-ம் தேதி பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. ஹீரோ கணக்குல 41. அடுத்த சனிக்கிழமை நான் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கறதுக்குள்ள ஒரு கோச்சிங் சென்டர் வீட்டுக்கு மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்காதீங்க, ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம்.

குடும்பத்துல ஒருத்தன் சென்னையில பொட்டி தட்டினா அவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை உண்டு. பிரிண்டர் ரிப்பேர்ல ஆரம்பிச்சு பொண்ணு பாக்கறது வரைக்கும் கருத்து கேப்பாங்க. அந்தக் கணக்குல என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

சென்டர்ல ஏசி நல்லா இருந்துச்சு. கவுன்சிலர்னு ஒரு அம்மா. ஹீரோவுக்கு முதல்ல ஒரு மணி நேரம் "ஸ்காலர்ஷிப் டெஸ்ட்". நாப்பது கேள்வி. ரிசல்ட் பத்தே நிமிஷத்துல வந்துச்சு, நாப்பதுக்கு ஒம்போது. சித்தி முகம் தொங்கிப்போச்சு. ஆனா கவுன்சிலரம்மா சிரிச்ச முகமா, "பையனுக்கு பொட்டென்ஷியல் இருக்கு மேடம். ரெண்டு வருஷ ப்ரோக்ராம் 1,80,000. இவருக்கு ஸ்காலர்ஷிப் போக 1,25,000"ன்னாங்க. நாப்பதுக்கு ஒம்போது வாங்கினவனுக்கு 55,000 ஸ்காலர்ஷிப்னா முப்பது வாங்கினவனுக்கு வீடு கட்டிக் குடுப்பாங்க போல. ஜிஎஸ்டி தனி, 18 சதவீதம். ஆக மொத்தம் 1,47,500.

நான் மூணு கேள்வி கேட்டேன். ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? "அறுபது." பாதியில நின்னா பணம் திரும்பக் கிடைக்குமா? "ஃபீஸ் நான்-ரீஃபண்டபிள் சார், ஃபார்ம்லயே இருக்கு." மூணாவதுதான் முக்கியம்: பத்தாவதுல 300-க்குக் கீழ வாங்கி போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் இங்க சேர்ந்தவங்க இப்ப எங்க இருக்காங்க? அந்தம்மா சுவத்துல இருந்த டாப்பர் போட்டோவைக் காட்டினாங்க. அதுல இருந்த பிள்ளைங்க பத்தாவதுல எவ்வளவுன்னு கேட்டேன். 480, 490. அவங்க மேல தப்பு சொல்லலை, அவங்களுக்கு மாச டார்கெட் இருக்கும். ஆனா நான் கேட்ட கேள்விக்கு அந்த பில்டிங்ல யாருகிட்டயும் கணக்கே இல்லை. பாஸ் ஆன டெஸ்ட் கேஸை மட்டும் ரிப்போர்ட்ல போட்டு ரிலீஸ் பண்ணினா எங்க மேனேஜர் என்னைத் தூக்கிக் காவேரியில போட்டுடுவார். இங்க அதையே ஃப்ளெக்ஸ் அடிச்சு ஒட்டறாங்க.

கோச்சிங்னாலே ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரலை. தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 2017-ல நீட் இங்க வந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல அறிக்கை குடுத்துச்சு. எம்பிபிஎஸ்ல சேர்ந்தவங்கள்ல ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ உக்காந்து திரும்ப எழுதினவங்க 2016-17-ல 12 சதவீதம் சொச்சம். 2020-21-ல 71 சதவீதம். ஒரு வருஷம் வீட்டுல உக்காந்து படிக்கணும்னா கோச்சிங், அதுக்கு ஃபீஸ், அதுக்கு அப்பா. டாக்டர் சீட்டுதான் குறின்னா, பிள்ளைக்கு அடிப்படை உறுதியா இருந்தா, பயிற்சியில பலன் உண்டு. மறுக்கவே இல்லை.

ஆனா நம்ம ஹீரோவுக்கு டாக்டர் ஆசை கிடையாது. இன்ஜினியரிங்னாலும் அது சித்தியோட ஆசை. அதுக்கு தமிழ்நாட்டுல நுழைவுத் தேர்வே கிடையாது! 2007-லயே எடுத்தாச்சு. ப்ளஸ் டூ கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கூட்டினா 200-க்கு கட்-ஆஃப், அதை வெச்சு கவுன்சிலிங். நானும் அந்த வழியா வந்தவன்தான். இதை சித்தப்பாகிட்ட சொன்னப்ப, "அப்ப எதுக்குப்பா இந்த ஜேஇஇ நீட் எல்லாம் சேர்த்து 'காம்போ'ன்னாங்க?"ன்னு கேட்டார். ஓட்டல்ல காம்போ எதுக்குப் போடறாங்களோ அதுக்குத்தான் சித்தப்பா.

சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில நானும் அவரும் உக்காந்திருந்தோம். காவேரியில மணல்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் ஏதோ புள்ளிவிவரமா அள்ளி விட்டுக்கிட்டிருந்தேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். "நீ சொல்றதெல்லாம் சரிதாம்ப்பா. நான் ஐடிஐ. அவன் புஸ்தகத்தைத் தொறந்தா எனக்கு ஒரு வரி புரியாது. காலையில ஆறரைக்குப் போனா ராத்திரி எட்டு. உக்காந்து சொல்லிக் குடுக்கத் தெம்பும் இல்ல, தெரியவும் தெரியாது. காசு கட்டறது ஒண்ணுதான் என்னால முடியற காரியம். அதையும் வேணாங்கற."

எனக்குப் பதில் வரலை.

அந்தக் காசு எங்கேர்ந்து வரும்னும் அவர் கணக்குப் போட்டு வெச்சிருந்தார். 2 லட்ச ரூபா ஏலச்சீட்டு ஒண்ணு ஓடுது. அஞ்சாவது மாசமே தள்ளி எடுத்தா கையில ஒண்ணரை சில்லறைதான் நிக்கும். அக்கா கல்யாணத்துக்குன்னு போட்ட சீட்டு அது.

சித்தியோட நியாயம் வேற மாதிரி. "நாளைக்கு 'நீ சேர்த்து விடல, அதான் நான் உருப்படல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா நான் எங்கடா போய் முட்டிக்குவேன்?" இது வெறும் பயமில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம். எதிர்வீட்டுப் பொண்ணு சேர்ந்திருக்கு, மூணாவது வீட்டுப் பையன் சேர்ந்திருக்கான். 2025-ல மத்திய அரசு எடுத்த கல்விச் செலவு சர்வே, நாடு முழுக்க பள்ளிக்கூடப் பிள்ளைங்கள்ல 27 சதவீதம் பேர் தனியார் டியூஷனோ கோச்சிங்கோ போறதாச் சொல்லுது. நாலுல ஒண்ணு. நம்ம தெருவுல எண்ணிப் பாத்தா நாலுல மூணு இருக்கும்னு நினைக்கிறேன், இது என் சொந்த சர்வே, நம்பவேண்டாம்.

இதுல யாருமே கேக்காத ஆள் ஒருத்தர் இருந்தார். ஹீரோ.

ராத்திரி மொட்டை மாடியில அவனைத் தனியா ஓரங்கட்டினேன். "என்னடா பிரச்சனை, கணக்கு புரியலையா, பிடிக்கலையா?"ன்னேன். "போர்டுல மிஸ் போடறப்ப புரியுதுண்ணா. நோட்டுல வந்தா வரமாட்டேங்குது"ன்னான். சரின்னு போன் டார்ச்சை அடிச்சு ஒரு பேப்பர்ல நாலு கணக்கு போட்டேன். பதினொண்ணாவது கணக்கு இல்லை. சின்னது.

2x + 3 = 11. போட்டுட்டான். x = 4. சபாஷ்.

3 - 2x = 11. ரொம்ப நேரம் பாத்தான். இதுக்கும் 4-ன்னு எழுதினான்.

-3 - 5. எட்டு. "எப்படிடா?" "மைனஸும் மைனஸும் ப்ளஸ்ணா."

அரை ப்ளஸ் மூணுல ஒண்ணு. அஞ்சுல ரெண்டு.

இவன் பத்தாவது பாஸ். அதுவும் 41. எப்படின்னு கேட்டேன், சொன்னான். பத்தாவது கணக்குப் பேப்பர் தெரிஞ்சவங்களுக்கு விஷயம் புரியும். ஜாமெட்ரி ஒண்ணு 8 மார்க், கிராஃப் ஒண்ணு 8 மார்க். ஒரு மார்க்கு கேள்வி 14. இதுலயே 30. ஜாமெட்ரி படமா மனப்பாடம், கிராஃப் பழகிட்டா கை தானா போகும், ஒரு மார்க்கு புஸ்தகத்துக்குப் பின்னாடி இருக்கறதை நெட்டுரு. மிச்சம் 11-க்கு ரெண்டு மார்க்குல கொஞ்சம் தேத்தினா ஆச்சு. அல்ஜீப்ராவைத் தொடாமலே கரை சேர்ந்துடலாம். பள்ளிக்கூடத்துலயே "மெல்லக் கற்போர்"னு தனியா உக்கார வெச்சு இதைத்தான் பழக்கி விட்டிருக்காங்க. பாஸ் பண்ண வைக்கணும்னு அவங்க நல்லெண்ணத்துல செஞ்சது. ஆனா மார்க் ஷீட்டைப் பாத்து "41 எடுத்திருக்கான், கொஞ்சம் தூக்கி விட்டா 80 வந்துடும்"னு கணக்குப் போடற அப்பா அம்மாவுக்கு அந்த 41-க்குள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்லலை.

இந்த ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு தேடினா, அதுவும் கஷ்டமில்லை. 2020 மார்ச்ல ஸ்கூலை மூடினப்ப ஹீரோ அஞ்சாவது. தமிழ்நாட்டுல ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் திறந்தது 2021 நவம்பர் 1. ஆறாவது முழுக்க, ஏழாவதுல பாதி, வீட்டுல இருந்த ஒரே போன்ல, அதுவும் சித்தப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போற போன்ல. பின்னமும் மைனஸ் எண்ணும் x-ம் வர்றது கரெக்டா அந்த ஒண்ணரை வருஷத்துலதான். அதுக்கப்புறம் நாலு வருஷம், எல்லா வகுப்புலயும் புதுசு புதுசா மேல கட்டிக்கிட்டே போனாங்க. ப்ரோக்ராம் ஐநூறாவது லைன்ல விழுந்து எரர் காட்டும், தப்பு என்னவோ பன்னண்டாவது லைன்ல இருக்கும். ஐநூறாவது லைனையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும்.

அவன் அதை யாருகிட்டயும் சொல்லலை. "ஏண்டா?"ன்னா, "எட்டாவதுல கேட்டேண்ணா. 'இது கூடவா தெரியாது'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க"ன்னான். அதோட சரி.

இப்ப இவனைக் கொண்டு போய் அறுபது பேர் பேட்ச்ல உக்கார வெச்சா என்ன நடக்கும்? பதினொண்ணாவது கணக்குல ரெண்டாவது பாடமே அடிப்படை இயற்கணிதம். அதுல சமனின்மை, ரெண்டு பக்கமும் மைனஸால பெருக்கினா குறி திரும்பும். இயற்பியல்ல முதல் பாடத்துலயே பரிமாணப் பகுப்பாய்வு, அடுக்குல பின்னம் வந்து நிக்கும். சென்டர்ல இதெல்லாம் ரெண்டு வாரத்துல தாண்டிடுவாங்க. தாண்டித்தான் ஆகணும், ரெண்டு வருஷத்துப் பாடத்தை ஒண்ணரை வருஷத்துல முடிச்சு டெஸ்ட் சீரிஸ் ஆரம்பிக்கணுமே. இவன் ஞாயித்துக்கிழமை தோறும் நாப்பதுக்கு ஒம்போது வாங்குவான். அதுக்கு ஒரு எஸ்எம்எஸ் வீட்டுக்கு வரும். அதுக்குத்தான் 1,47,500.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, பெரியவங்க எப்பவோ பாத்து வெச்சதுதான். மைக்கேல் கிரெமர்னு ஒரு பொருளாதார நிபுணர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோவோட சேர்ந்து 2019-ல நோபல் வாங்கினவர். அவரும் சகாக்களும் கென்யாவுல பள்ளிக்கூடங்களுக்குப் புதுப் பாடப்புத்தகம் குடுத்துப் பாத்தாங்க. ஏற்கெனவே நல்லாப் படிச்ச பிள்ளைங்க மட்டும் முன்னேறினாங்க. மத்தவங்களுக்குப் புத்தகமே புரியலை, எங்கேர்ந்து முன்னேற? பானர்ஜி, டஃப்லோ எல்லாம் ஆராய்ச்சி பண்ணின இன்னொரு திட்டம் மும்பையிலயும் வதோதராவுலயும் நடந்தது, 'பால்சகி'. அந்தந்த ஏரியாவுலயே பள்ளிப் படிப்பு முடிச்ச பெண்கள், மாசம் சில நூறு ரூபா சம்பளம், பின்தங்கின பிள்ளைங்களை மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வெச்சு விட்ட இடத்துலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க. அது வேலை செஞ்சுது.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர்ல ஆரம்பிச்சப்ப நானே "இதெல்லாம் நடக்கற கதையா"ன்னு பேசினேன். மாசம் ஆயிரம் ரூபா வாங்கிக்கிட்டு சாயங்காலம் திண்ணையிலயும் கோயில் வாசல்லயும் பாடம் எடுத்த அக்காக்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ மூணு பேரும் தமிழ்நாட்டுக் கிராமத்துக் குழந்தைகளை வெச்சு அளந்து பாத்தாங்க. கொரோனாவுல விட்டதுல மூணுல ரெண்டு பங்கை ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல பிடிச்சுட்டாங்க, அந்த மீட்சியில சுமார் கால்வாசி இந்தத் திட்டத்தால. ஆனா அவங்க பாத்தது சின்னக் குழந்தைங்க. அப்ப ஆறாவது ஏழாவதுல இருந்த ஹீரோ செட்டை யார் அளந்தாங்கன்னு எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில திரும்பவும் கூட்டத்தொடர். பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு சமாசாரம் சொன்னேன். ஒண்ணு, 2024 ஜனவரியில மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டருக்கெல்லாம் வழிகாட்டுதல் போட்டிருக்கு. ரேங்க் உத்தரவாதம் தரக்கூடாது, நடுவுல நின்னா மீதி நாளுக்கான பணத்தைப் பத்து நாளைக்குள்ள திருப்பித் தரணும்னு அதுலயே இருக்கு. "நான்-ரீஃபண்டபிள்"னு ஃபார்ம்ல அச்சடிச்சிருந்தா அது அந்த வழிகாட்டுதலுக்கு எதிரானது. ஆனா அது வழிகாட்டுதல்தான், சட்டமா ஆக்கறது மாநில அரசு கையில. ரெண்டாவது, ரெண்டு வருஷக் காசை மொத்தமாக் கட்டறது. 2022-ல 22 பில்லியன் டாலர் மதிப்புன்னு பேசப்பட்ட பைஜூஸ் மேல 2024 ஜூலையில திவால் நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு. 2025 ஜனவரியில டெல்லி, நொய்டா பக்கம் ஃபிட்ஜி கிளைகள் நடு வருஷத்துல பூட்டிக்கிச்சு, பெத்தவங்க கேட் வாசல்ல நின்னாங்க.

இதெல்லாம் சித்தி காதுல ஏறலை. நான் நேத்து ராத்திரி பேப்பரை எடுத்து நீட்டினேன். ஹீரோகிட்ட முன்னாடியே கேட்டுட்டேன், "காட்டட்டுமா?"ன்னு. அவன் ரொம்ப யோசிச்சு, "காட்டுண்ணா, ஆனா நான் கீழ கடைக்குப் போயிடறேன்"ன்னான். சித்தப்பாவுக்கு x புரியாது. ஆனா பட்டறையில அளவெடுக்கறவருக்கு பின்னம் தெரியாம இருக்குமா? அரையும் மூணுல ஒண்ணும் அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருந்ததை ரெண்டு தடவை பாத்தார். "அரையை விடக் குறைச்சலா வருதே"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அப்புறம் நடந்தது சுருக்கமா. ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா, எம்எஸ்சி கணக்கு, சாயங்காலம் வீட்டுத் திண்ணையில ஏழாவது எட்டாவது பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறாங்க. அந்தப் பொடிசுங்களோட உக்கார ஹீரோ செத்தாலும் மாட்டேன்னுட்டான், நியாயம்தானே. அவங்களே, "காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க, அப்ப யாரும் இருக்க மாட்டாங்க"ன்னாங்க. மாசம் 1,200. முதல் ஆறு வாரம் பதினொண்ணாவது புஸ்தகத்தைத் தொறக்கவே கூடாதுன்னு கண்டிஷன். பின்னம், மைனஸ், அடுக்கு, சமன்பாடு. நடுவுல ரெண்டு வாரம் டபாய்ச்சிட்டு அம்மா மண்டபம் போய் உக்காந்திருக்கான், அதுவும் நடந்துச்சு. ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுக் கல்விக் கொள்கையில பதினொண்ணாவது பொதுத்தேர்வை எடுத்ததுல அவனுக்கு மூச்சு விட ஒரு வருஷம் கிடைச்சுது. (அந்தத் தேர்வை 2017-18-ல கொண்டு வந்ததுக்கு ஒரு காரணமே, பல ஸ்கூல்ல பதினொண்ணாவது பாடத்தையே நடத்தாம நேரா பன்னண்டாவதுக்குத் தாவினதுதான். இப்ப திரும்பத் தாவுவாங்களான்னு பாக்கணும். அது தனிப் பதிவு.)

ஸ்ரீரங்கம்னு எழுதிட்டு சுஜாதாவைச் சொல்லலைன்னா சாமி குத்தம் ஆயிடும். அவர் இங்க ஹைஸ்கூல்ல படிச்சு, செயின்ட் ஜோசஃப்ஸ் போய், குரோம்பேட்டை எம்ஐடி போனவர், எந்தக் கோச்சிங்கும் இல்லாமன்னு சித்தப்பாகிட்ட எடுத்து விட்டேன். "அவரு சுஜாதாப்பா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார் :-)

காலாண்டுல கணக்கு 27, ஃபெயில். சித்தி எனக்கு போன் பண்ணி அழுதாங்க. நான் பதறிப்போய் அந்த அக்காகிட்ட கேட்டா, "பேப்பரைப் பாத்தீங்களா? இந்தத் தடவை ஒரு மார்க்கு கேள்வி பாதி தப்பு, அல்ஜீப்ராவுல 15 வாங்கியிருக்கான்"ன்னாங்க. அரையாண்டுல 52.

பொங்கலுக்குப் போயிருந்தேன். சித்தப்பா சீட்டை எடுக்கலை, ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஹீரோ ப்ளஸ் டூவுக்கு அப்புறம் இன்ஜினியரிங் வேணாம், சேஷசாயியில டிப்ளமோ சேரட்டுமான்னு என்கிட்ட ரகசியமாக் கேட்டான். வீட்டுல இன்னும் சொல்லலை. ஊருக்குக் கிளம்பறப்ப சித்தப்பா தெரு முனை வரைக்கும் கூட வந்தார். பேக்கை ஆட்டோவுல வெச்சுட்டு, குரலைத் தாழ்த்தி, "52 வந்துருச்சேப்பா... இப்ப அந்த தில்லைநகர்ல க்ராஷ் கோர்ஸ்னு ஒண்ணு இருக்காம். முப்பதாயிரம்தானாம். என்ன சொல்ற?"ன்னார்.